எதிர்ப்பின் விலை: களைக்கொல்லியை வென்ற களைகளின் கதை

திருவரங்கத்திலிருந்து கிழக்கே, காவிரியைத் தொட்டும் தொடாமலும் கல்லணை நோக்கிச் செல்லும் சாலையில் திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் வரிசையாக வரும். காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக்கொண்ட இந்தத் தீவில் கோபுரத்தை விட்டு விலகிச் சில கல் தொலைவு போனால் வாழையும் நெல்லும்தான் கண்ணில் படும். கல்லணை பார்க்கக் கிளம்பிய நாங்கள் நால்வரும் வழியில் ஒரு வரப்பில் அமர்ந்துவிட்டோம். எங்களை நிறுத்தியது எந்தக் கல்வெட்டும் அன்று, ஒரு சம்பா வயல்.

அந்த வயலில் ஐந்தாறு பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வயலில் முன்னமே களைக்கொல்லி தெளித்திருந்தார்கள். அங்கே ஆள் இல்லை. பயிரின் நடுவே ஆங்காங்கே சில புற்கள் மட்டும் பச்சையாக நின்றன. களை எடுத்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மாவிடம் எங்களில் ஒருவர் அதைக் காட்டி, "ஏம்மா, மருந்து அடிச்சும் அந்தப் புல்லு சாகலையே?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடி வாங்கிப் பொழச்சது தம்பி. தெம்பா இருக்குமா அது? நோஞ்சானாத்தான் இருக்கும். ஆனா வெதை போட்டுருமே."

கல்லணைக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் கரிகாலனைவிட இந்த நான்கு சிறு வாக்கியங்களே எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. உயிரியலார் பல்லாண்டுகளாக விவாதித்துவரும் ஒரு கேள்வியின் இரு பாதிகளும் அவற்றில் இருக்கின்றன. நஞ்சைத் தாங்கும் ஆற்றலைப் பெற்ற களை, அதற்காக வேறு எதையேனும் இழக்கிறதா? இழந்தால், நஞ்சை நிறுத்திய வயலில் அது தன் பழைய உறவினரிடம் தோற்று மறையுமா? இக்கேள்வியின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் நாங்கள் புரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெளித்த வயலில் பிழைத்து நிற்கும் புல் அனைத்தும் எதிர்ப்புத்திறன் பெற்றது ஆகாது. மருந்தின் அளவு குறைந்திருக்கலாம்; தெளிப்பான் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம்; தெளித்த பிறகு முளைத்த புல்லாகவும் இருக்கலாம். எதிர்ப்புத்திறன் என்பது விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும் பண்பு. அன்று நாங்கள் கண்ட புல் எவ்வகை என்று எங்களுக்குத் தெரியாது. கேள்வி மட்டும் அங்கிருந்து எடுத்துவந்தது.

கண்ணை ஏமாற்றிய புல்

களையை நம் இலக்கியம் அறியாததன்று. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை அரசன் தண்டிப்பதை உழவன் பயிரில் களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறார். அந்த உவமையில் களை ஒரு குற்றவாளி. பறித்தால் கதை முடிந்தது. ஆனால் களை முடிந்துபோகிற பொருளன்று. ஒவ்வொரு முறை பறிக்கப்படும்போதும், பறிக்கப்படாமல் தப்பியதே அடுத்த ஆண்டின் விதையைத் தருகிறது. பறிக்கும் கை எதைத் தவறவிடுகிறதோ அதுவே பெருகும். ஆகவே களைக்கும் மனிதனுக்குமான போட்டியில் முதல் களைக்கொல்லி மனிதக் கண்ணே.

இதற்கு நெல் வயலே சான்று. நெல்லோடு வளரும் களைகளில் கடியது குதிரைவாலிப் புல். நாம் உண்ணும் குதிரைவாலித் தானியத்தின் நெருங்கிய காட்டு உறவு அது. இளம்பயிராக இருக்கையில் அதற்கும் நெல்லுக்கும் வேறுபாடு காண்பது கடினம். இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லில் மெல்லிய நாவு போன்ற ஒரு சவ்வும், இருபுறமும் சிறு காது போன்ற மயிரடர்ந்த பகுதியும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இவ்விரண்டும் இரா. களை எடுக்கும் பெண்களின் விரல் ஒரு நொடியில் செய்யும் இந்தச் சோதனையை நம்மில் பலர் ஒரு நாள் முழுக்க முயன்றாலும் செய்ய மாட்டோம்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் வளரும் குதிரைவாலிப் புற்களின் மரபணுத்தொகையை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, நெல்லைப்போல நிமிர்ந்து நிற்கும் வகைகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, படர்ந்து வளரும் வகைகளிலிருந்து பிரிந்தவை என்று காட்டியது. நெல்லைப் போலில்லாதவற்றை உழவர் பறித்தெறிந்தனர். நெல்லைப் போலிருந்தவை தப்பின. எவரும் திட்டமிடாமலேயே கைக்களை எடுத்த தலைமுறைகள் ஒரு புல்லுக்கு நெல்லின் வேடத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டன. ஆயிரம் ஆண்டுகளில் கண் செய்த தேர்வை வேதிப்பொருள் எத்தனை ஆண்டுகளில் செய்தது என்பதே அடுத்து வரும் வரலாறு.

மருந்து வந்த வழி

இரண்டாம் உலகப்போரின் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட 2,4-டி என்னும் பொருள், போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினப் பயிர்களை விட்டுவைக்கும் அதன் இயல்பு அன்றைக்கு ஓர் அற்புதமாகத் தோன்றியது. இந்தியாவில் 1952இல் களைக்கட்டுப்பாடு குறித்த முதல் ஒருங்கிணைந்த ஆய்வுத்திட்டம் தொடங்கியது. 1978இல் அனைத்திந்தியத் திட்டமாக அது விரிவடைந்தது. 1989இல் ஜபல்பூரில் களை அறிவியலுக்கென்றே ஒரு தேசிய மையம் அமைந்தது.

காவிரிப் படுகைக்கு மருந்து வந்த வழி வேறு. நம் பக்கத்து நடவு முறையே ஒரு களைக்கட்டுப்பாடு. தொழியுழவு செய்து, சேற்றில் நாற்று நட்டு, வயலில் நீர் நிறுத்தினால் பெரும்பாலான களை விதைகள் முளைக்கவே வழியில்லை. மிஞ்சியவற்றை இரண்டு கைக்களை பார்த்துக்கொள்ளும். நீரும் ஆளும் இருக்கும்வரை இம்முறைக்குக் குறையில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 என்ற நாள் குறுவையின் நம்பிக்கையாக இருந்தது. அந்நாள் தவறிய ஆண்டுகள் பெருகப் பெருக, நாற்றுவிட்டுக் காத்திருக்க முடியாதவர்கள் புழுதியில் நேரடியாக விதைக்கத் தலைப்பட்டனர். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. நீர் என்னும் காவல் இல்லை. மறுபுறம், களை எடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. இவ்விரண்டு குறைகளும் சந்தித்த இடத்தில்தான் மருந்துக்கடை அமைந்தது.

நட்ட மூன்றாம், நான்காம் நாளில் பியூட்டாகுளோர் அல்லது பிரெட்டிலாகுளோரை உலர்ந்த மணலில் கலந்து வயலில் தூவுவது நெடுநாள் வழக்கம். பிற்பாடு முளைத்த களைமேல் தெளிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம் போன்றவை வந்தன. சொல்லைக் கவனியுங்கள். கொல்லும் பொருளுக்கு நம்மவர் இட்ட பெயர் மருந்து. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நோய்க்கிருமி பழகிவிடும் என்பதை நாம் மருத்துவமனையில் கற்றுக்கொண்டோம். வயலில் அதைக் கற்க இன்னும் காலம் பிடித்தது.

முதல் விலை

இதை முன்னறிந்து சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. 1956இலேயே பிரித்தானியத் தாவரவியலாளர் ஜான் ஹார்ப்பர், களைக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறன் உருவாகும் என்று எச்சரித்துக் கட்டுரை எழுதினார். 1957இல் ஹவாய் கரும்பு வயல்களில் ஒரு கமெலினா இனமும், கனடாவின் ஒன்டாரியோவில் காட்டுக் கேரட்டும் 2,4-டிக்கு அடங்கவில்லை என்ற செய்திகள் வந்தன. ஆயினும் உலகை விழிக்கச் செய்தது 1970ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணை. அங்கே 1958 முதல் ஆண்டுக்கு ஓரிரு முறை சிமசின், அட்ரசின் ஆகிய டிரையசின் வகை மருந்துகளைத் தெளித்து வந்தார்கள். பத்தாண்டு கழிந்தபோது செனிசியோ வல்காரிஸ் என்னும் சிறு களை எவ்வளவு மருந்துக்கும் மடியாமல் நின்றது. ஆராய்ந்து எழுதியவர் ஜி.எஃப். ரயன். கண்ணுக்கு ஆயிரம் ஆண்டு ஆன வேலையை வேதிப்பொருள் பத்தாண்டில் முடித்திருந்தது.

டிரையசின் மருந்துகள் இலையின் பசுங்கணிகத்துக்குள் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தடுக்கின்றன. அப்புரதத்தில் 264ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் அமைந்துவிட்டால் மருந்து ஒட்டாது. ஒரு கீரைச் செடியில், அதாவது நம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்த அமராந்தஸ் பேரினத்தின் ஒரு களையில், 1983இல் இது கண்டறியப்பட்டது. ஒரே ஓர் எழுத்துப் பிழைதான், செடி தப்பிவிட்டது.

ஆனால் அந்த இடம் சும்மா இருந்த இடமன்று. ஒளியாற்றலை எலெக்ட்ரான்களாக அடுத்த கைக்கு மாற்றிவிடும் வேலை அங்குதான் நடக்கிறது. மருந்து புகாதபடி பூட்டை மாற்றியபோது சாவியும் சற்றுத் தடுமாறலாயிற்று. ஒளிச்சேர்க்கையின் வேகம் குறைந்தது. 1979இல் கோனார்டும் ரேடசெவிச்சும் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒரு மைல்கல். செனிசியோவிலும் ஒரு கீரைக் களையிலும் எதிர்ப்புள்ள செடிகளையும் மருந்துக்கு மடியக்கூடிய செடிகளையும் மருந்தே இல்லாத மண்ணில் தனித்தும் கலந்தும் வளர்த்துப் பார்த்தனர். மடியக்கூடிய செடிகளே அதிகம் வளர்ந்தன. கலந்து வளர்த்தபோது அவையே வென்றன. வரப்பில் அந்த அம்மா சொன்ன 'நோஞ்சான்' என்ற சொல்லுக்கு இது ஆய்வுக்கூடத்துச் சான்று.

இந்த விலையை மனிதன் தெரிந்தே கொடுத்த கதையும் உண்டு. கடுகின் இனத்தைச் சேர்ந்த ஒரு களையிலிருந்து டிரையசின் எதிர்ப்பைக் கனோலா என்னும் எண்ணெய்ப் பயிருக்குக் கனடாவில் மாற்றினார்கள். 1993 முதல் ஆஸ்திரேலியாவில் அத்தகைய ரகங்கள் பயிராயின. அவற்றின் விளைச்சலும் எண்ணெய் அளவும் மற்ற ரகங்களைவிடக் குறைவு. இருப்பினும் களை மண்டிய நிலங்களில் உழவர்கள் அவற்றையே விதைத்தார்கள். குறை விளைச்சல், விளைச்சலே இல்லாமையைவிட மேல் என்பது கணக்கு. களையின் கணக்கும் அதுவே. மருந்து விழும் வயலில் நோஞ்சானாக இருப்பது சாவதைவிட மேல்.

வாழ்தகுதி என்று உயிரியலார் சொல்வது இதைத்தான். ஒரு செடி எவ்வளவு உயரம் வளர்ந்தது என்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. எத்தனை விதை முளைத்தது, எத்தனை நாற்று பிழைத்தது, அண்டையோடு போட்டியிட்டு எவ்வளவு ஒளியும் நீரும் பெற்றது, கடைசியில் எத்தனை விதை மண்ணில் விழுந்தது என்பவை எல்லாம் சேர்ந்ததே வாழ்தகுதி. 1978இல் கிரெஸலும் சீகலும் கணித வழியில் காட்டியது என்னவென்றால், எதிர்ப்பு பெருகும் வேகத்தை மருந்தின் கடுமை, எதிர்ப்புள்ள செடியின் வாழ்தகுதி, மண்ணுக்குள் உறங்கும் விதைகளின் ஆயுள் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. மண்ணில் பழைய விதைகள் பல ஆண்டுகள் உறங்கினால் எதிர்ப்பு மெல்லப் பெருகும். அதே உறக்கம் பின்னர் எதிர்ப்பு மறைவதையும் தாமதப்படுத்தும்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு நம்பிக்கை பரவியது இயல்பே. எதிர்ப்புக்கு விலை உண்டு. ஆகவே மருந்தைச் சில ஆண்டுகள் நிறுத்தினால் நிலம் தானே தேறிவிடும். இந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்று பார்ப்போம்.

ஹரியானாவின் கோதுமை வயல்கள்

இந்தியாவில் களைக்கொல்லி எதிர்ப்பின் வரலாறு காவிரிக்கரையில் தொடங்கவில்லை. ஹரியானாவிலும் பஞ்சாபிலும் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையும், அதற்கு முன்போகமாக வந்த நெல்லின் ஈரமும் ஃபலாரிஸ் மைனர் என்ற புல்லுக்கு ஏற்ற களமாயின. கோதுமையைப் போலவே தோற்றம் தரும் இக்களைக்கு எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஐசோபுரோட்டூரான் என்ற மருந்து பரிந்துரைக்கப்பட்டது. ஆண்டு தவறாமல், வேறு மருந்து மாற்றாமல், நெல்–கோதுமை என்ற ஒரே சுழற்சியில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதுவே தெளிக்கப்பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மருந்து வேலை செய்யவில்லை. உழவர்கள் கடைக்காரரைக் குறை சொன்னார்கள். மருந்தில் கலப்படம் என்றார்கள். ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக்கும் எஸ். சிங்கும் விதைகளைச் சேகரித்துச் சோதித்து, இது எதிர்ப்புத்திறன்தான் என்று நிறுவினர். அவர்களுடைய விரிவான கட்டுரை 1995இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஆவணப்படுத்தப்பட்ட முதல் பெரும் நிகழ்வு அது. களை மண்டிய கோதுமையைக் கதிர் முற்றுமுன் மாட்டுத்தீவனமாக அறுத்தவர்கள் இருந்தார்கள்.

இங்கே எதிர்ப்பு வந்த வழி வேறு. பூட்டு மாறவில்லை. உள்ளே வந்த நஞ்சைச் செடியே நொதிகளால் சிதைத்துச் செரித்துவிட்டது. நம் ஈரல் மருந்துகளைச் சிதைக்கும் அதே வகை நொதிக்குடும்பம்தான் அது. இவ்வகை எதிர்ப்பின் ஆபத்து, ஒன்றைச் செரிக்கக் கற்ற செடி இன்னொன்றையும் செரிக்கக்கூடும் என்பதே. தொண்ணூறுகளின் இறுதியில் கிளோடினாஃபாப், ஃபெனாக்ஸாப்ராப், சல்ஃபோசல்ஃப்யூரான் ஆகிய புதிய மருந்துகள் வந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் அவற்றையும் தாங்கும் ஃபலாரிஸ் தோன்றிவிட்டது. நிலத்துக்குச் சற்றே ஓய்வு தந்தது மருந்தில்லாத ஒரு மாற்றம். உழாமல் முன்கூட்டியே கோதுமை விதைக்கும் முறை அக்காலத்தில் ஹரியானாவில் பரவியது; மண்ணைக் கிளறாததால் ஃபலாரிஸ் முளைப்பது குறைந்தது.

ஐசோபுரோட்டூரானைக் கைவிட்டதும் பழைய புல் திரும்பி வந்து புதிய புல்லை வென்றுவிட்டது என்று இக்கதையை முடிக்க நமக்கும் ஆசைதான். வரலாறு அப்படி நடக்கவில்லை. ஒரு மருந்தின் இடத்தில் இன்னொன்று வந்தது; களை அதையும் கற்றது.

1888இன் ஓர் உலர்ந்த புல்

திருச்சிக்காரர்களான எங்களுக்கு உலர்தாவரச் சேகரம் என்றதும் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் நினைவுக்கு வரும். பிரெஞ்சு சேசு சபையாரும் தாவரவியலாளருமான ராபினாட்டின் பெயரில் 1967இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ நிறுவியது. தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களை ஊர் ஊராகச் சேகரித்து, எண்பதுகளில் பல தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல் இன்றும் இப்பகுதியின் தாவரவியலுக்கு அடிப்படை. அங்கே அரிய மலைச்செடிக்குக் கிடைக்கும் அதே மரியாதை வயற்களைக்கும் கிடைக்கும். தாளில் ஒட்டி, இடமும் நாளும் எழுதி வைக்கப்பட்ட புல்லை யார் எதற்காகப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்போர் உண்டு.

அதற்குப் பதில் பிரான்சிலிருந்து வந்தது. அலோபெகூரஸ் என்னும் கோதுமைக் களையின் உலர்ந்த மாதிரிகள் 734ஐ டெலீயும் அவர் தோழர்களும் டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்தினர். 1788 முதல் 1975 வரை பல கைகள் சேகரித்தவை அவை. 2013இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. 1888ஆம் ஆண்டு பறித்த ஒரு செடியில் இன்றைய களைக்கொல்லி ஒன்றை வெல்லும் அதே மரபணு மாற்றம் இருந்தது. அம்மருந்து பிறக்க இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இருந்தன.

ஆக, மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. எங்கோ ஓரிரு செடிகளில் முன்னமே இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அதே அலோபெகூரஸில், அதே மரபணுவில், எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் பல. 2078ஆம் இடத்தில் நேரும் ஒரு மாற்றம் செடியின் வளர்ச்சியைக் குறைக்கிறது. 1781ஆம் இடத்தில் நேரும் மாற்றத்துக்கு அவ்வாறு விலை எதுவும் காணப்படவில்லை. 1888இன் செடியில் இருந்தது இந்த இரண்டாம் வகை. ஒரே புல், ஒரே மருந்து, ஒரே மரபணு. ஆயினும் ஒரு வழியில் தப்பியது நோஞ்சான். மற்றொரு வழியில் தப்பியது உறவினருக்கு எவ்விதத்திலும் குறையாதது.

பிற ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. கேழ்வரகின் காட்டு உறவான ஒரு புல்லில், மலேசியாவில், கிளைஃபோசேட்டை மிகக் கடுமையாக எதிர்க்கும் இரட்டை மாற்றம் ஒன்று 2015இல் விளக்கப்பட்டது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்ற செடிகள் வளர்ச்சியிலும் விதையிலும் பெரிதும் பின்தங்கின. அமெரிக்கப் பருத்தி வயல்களைக் கலங்கடித்த பால்மர் கீரையோ அதே மருந்தை வேறு விதமாக வென்றது. மருந்து தாக்கும் நொதிக்குரிய மரபணுவை அது நூறு படிகளுக்கும் மேலாகப் பெருக்கிக்கொண்டது என்று 2010இல் காட்டப்பட்டது. அத்தனை படிகளைச் சுமந்தும் அதன் வளர்ச்சியில் குறை எதையும் பின்வந்த ஆய்வு காணவில்லை.

பழைய ஆய்வுகள் பலவற்றின் மேல் வைக்கப்பட்ட ஒரு விமர்சனத்தையும் குறிப்பிட வேண்டும். எதிர்ப்புள்ள செடியை ஓர் ஊரிலிருந்தும் மடியக்கூடியதை வேறோர் ஊரிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு எதிர்ப்பினால் வந்ததா, ஊரினால் வந்ததா? உத்தமர்சீலிப் புல்லையும் மணப்பாறைப் புல்லையும் ஒரே தொட்டியில் வைத்து ஒப்பிடுவது போன்றது அது. மற்ற எல்லா மரபணுக்களும் ஒத்து, எதிர்ப்பு ஒன்றே வேறுபடும் செடிகளை ஒப்பிட்டால்தான் விலையை அளக்க முடியும் என்று வீலா-ஐயூப், நீவ், பவுல்ஸ் ஆகியோர் 2009இல் வலியுறுத்தினர். அதன்பின் வந்த கவனமான ஆய்வுகளின் சாரம் இதுதான். எதிர்ப்புக்கு எப்போதும் விலை உண்டு என்பதும் தவறு. ஒருபோதும் இல்லை என்பதும் தவறு. எந்த மரபணு, எந்த மாற்றம், எந்தச் சூழல் என்று கேட்காமல் விடை இல்லை.

நெல் வயலுக்குத் திரும்புவோம்

இதெல்லாம் வடக்கத்திக் கோதுமையின் கதை, வெளிநாட்டுப் புல்லின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. ஜபல்பூர் ஆய்வாளர்கள், இந்திய நெல் வயல்களின் குதிரைவாலிப் புல்லிலும் கோரை இனமொன்றிலும் பிஸ்பைரிபேக் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு இருப்பதை முதன்முறையாகப் பதிவு செய்தனர். நம் படுகையில் களை முளைத்தபின் தெளிக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. கவலைக்குரியது என்னவெனில், அம்மருந்து தாக்கும் நொதியில் நேரும் எதிர்ப்பு மாற்றங்கள் பலவற்றுக்கு விலை மிகக் குறைவு, அல்லது இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் பழைய புல் வெல்லும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடம் சிறிது.

இன்னொரு திசையிலும் கதை நகர்கிறது. அதே நொதியைத் தாக்கும் இமாஸெதாபைர் என்ற மருந்தைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரு நெல் ரகங்கள் நேரடி விதைப்புக்கென 2024இல் உழவர்களுக்கு அளிக்கப்பட்டன. இவை மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல. நீரையும் ஆட்செலவையும் மிச்சப்படுத்துவது நோக்கம். திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி உவர்மண்ணைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்களைத் தந்தது. தாங்குதிறனைத் தேடித் தேர்வது உழவுக்குப் புதிதன்று. ஆனால் உவர் தானாகப் படிப்பதில்லை. களை படிக்கும். வயலில் தானே முளைக்கும் களைநெல் பயிர்நெல்லோடு கலந்து அந்தத் தாங்குதிறனைப் பெற்றுவிட்டால், நெல்லின் வேடத்தோடு நெல்லின் கவசமும் அதற்குக் கிடைத்துவிடும். அதன்பின் அதை அடையாளம் காண மருந்தால் முடியாது. மீண்டும் ஒரு கண்ணும் ஒரு கையும்தான் வேண்டும்.

அந்தக் கண்ணும் கையும் அப்போது இருக்குமா என்பதே எங்களை உறுத்தும் கேள்வி. களை எடுப்பதை நாங்கள் அழகுபடுத்த விரும்பவில்லை. நாள் முழுக்க முதுகு வளைந்து சேற்றில் நிற்கும் வேலை அது. அதற்குக் கிடைக்கும் கூலியும் மரியாதையும் நாம் அறிந்தவை. தம் மகளும் அதே சேற்றில் நிற்க வேண்டும் என்று அந்த அம்மா விரும்பியிருக்க மாட்டார். விரும்பச் சொல்ல நமக்கும் உரிமையில்லை. ஆனால் களையை வெல்ல மருந்துக்கும் குனிந்த முதுகுக்கும் இடையே வழிகள் இருந்திருக்கின்றன. 2000களில் செம்மை நெல் சாகுபடியோடு தமிழகத்தில் பரவிய கோனோவீடர், நின்றபடியே களையைச் சேற்றில் அமுக்கியது. சேற்றில் புதைக்கும் சக்கரத்துக்கு எதிர்ப்பு மரபணு தேடுவது எளிதன்று. வரிசை நடவு, நீர் நிறுத்தல், பயிர்ச்சுழற்சி, உளுந்தும் பயறும் ஊடே வருதல், மருந்தே வேண்டுமெனில் ஆண்டுதோறும் வகை மாற்றுதல், தப்பி நின்ற சில புற்களையாவது விதை முற்றுமுன் பறித்தல் எனப் பல உண்டு. இவற்றில் எதுவும் தனியே போதாது. ஒவ்வொன்றும் களையிடம் வேறு வேறு விலையைக் கேட்கிறது என்பதே அவற்றின் வலிமை. ஒரே கேள்வியை ஆண்டுதோறும் கேட்டால் எந்த மாணவனும் தேறிவிடுவான்.

அன்று திரும்பும் வழியில் அந்த வயலை மீண்டும் பார்த்தோம். பெண்கள் தம் வயலை முடித்துவிட்டுக் கரையேறியிருந்தார்கள். பக்கத்து வயலின் புற்கள் அப்படியே நின்றன. அது அவர்களுக்குக் கூலி பேசிய வயலன்று. பறிப்பதானால் ஒருவருக்கு அரைமணி நேர வேலை இருந்திருக்கும். கதிர் விடும்வரை அவை நோஞ்சானா அன்றா என்பது எவருக்கும் தெரியப்போவதில்லை. விதை விழுந்தபின் தெரிந்தும் பயனில்லை. ஆய்வாளர்களின் நெடுநாள் தேடல் எங்களைக் கொண்டுசேர்த்த இடத்தில் அந்த அம்மா முன்னமே நின்றுகொண்டிருந்தார். களையின் தெம்பை அளப்பதற்கு முன் அதன் விதையைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் எங்களுக்குச் சொன்னது.